உள்ளது உள்ளபடி

பட்டியல் காகிதத்தில்தான் வரும்.
மின்னஞ்சலை அவர்களும் நம்புவதில்லை.
ஊதா முத்திரை, துருவேறிய குண்டூசி,
நகலின் நகலின் நகல் என்பதால்
ஓரமெல்லாம் கரி.
"மாலை ஐந்துக்குள்" என்று
மேசையில் வைத்துவிட்டு
ஊ செயின் மோ வெற்றிலை துப்பப் போய்விடுவார்.
ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

ரங்கூன், பசுண்டாங், நான்காவது மாடி.
கழுத்து அட்டையில் நான் மா கின் சான் வின்.
ஆற்றுக்கு அக்கரையில், தன்லினில்,
அங்காளம்மை.
வேலை இரண்டு பேருக்கும் ஒன்றுதான்:
முகவரியைத் தட்டு, சுண்டுவிரலால் அழுத்து,
ஒரு தேசத்துக்கே கதவு சாத்து.
சாத்தியதா என்று
நானே போய்த் தட்டிப் பார்க்க வேண்டும்.
திறக்காத கதவுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் வாரம் செய்தித்தளங்கள்.
பிறகு ஒரு வானொலி, ஓர் அகராதி
(அகராதி ஏன் என்று யாரும் கேட்கவில்லை),
பிறகு வெறும் எண்.
அந்த எண்ணைப் பூட்டிய அன்று
மாண்டலேயில் ஒரு கேக் கடையும் போனது,
ஏதோ பள்ளியின் மதிப்பெண்களும் போயின.
அதே எண்ணில் குடியிருந்ததுதான் குற்றம்.
கேக் கடைக்காரி மூன்று தரம் போன் செய்தாள்.
"உங்கள் பக்கம்தான் கோளாறு அம்மா" என்றேன்
மிக மரியாதையாக.

வீட்டில் இருளப்பன்
ராத்திரி அந்தச் செயலியை ஏற்றுவார்.
அது எந்த நாட்டிலோ போய் நின்று
எங்கள் ஊர்ச் செய்தியைக் கொண்டு வரும்.
பகலில் நான் பூட்டியதை
ஒரே தலையணையில் தலை வைத்து
இரண்டு பேரும் படிப்போம்.
விடிந்ததும் அழித்துவிடுவார்,
பல் விளக்குவதற்கு முன்னால்.

பாலத்தில் பஸ்ஸை நிறுத்துவார்கள்.
முகப்பரு ஆறாத ஒரு பையன்
துப்பாக்கியைத் தொடையில் சாய்த்துக்கொண்டு
போனை வாங்கித் தள்ளிக்கொண்டே போனான்.
"இது என்ன எழுத்து?"
"தமிழ்."
"என்ன எழுதியிருக்கிறது?"
"பருப்பு அரை வீசை, புளி, சோப்பு இரண்டு."
நிஜமாகவே அதுதான் எழுதியிருந்தது.
இருந்தும் இருளப்பனின் கழுத்து
அன்று முழுக்க நனைந்திருந்தது.

நாற்பத்தோராம் பட்டியல், பதினேழாம் வரி.
ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.
எந்தத் தளம் என்று எனக்குத் தெரியும்.
தலையணையில் படிப்பதே அதைத்தான்.
செயலி சண்டித்தனம் செய்யும் இரவுகளில்கூட
நேராகத் திறந்த கடைசித் தளம்.
சுற்றறிக்கையின் அடியில் எப்போதும் இருக்கும் வாசகம்:
உள்ளதை உள்ளபடி பதிவு செய்க.
செய்தேன்.
உலகத்தில் இல்லாத ஒரு வீட்டை
ஒழுங்காகப் பூட்டினேன்.
தட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை.
"திறக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அதில் பொய் இல்லை.

பதினோரு நாள்.
பதினோரு நாளும் பஸ்ஸில்
முன் சீட்டுக்காரர்கள் குனிந்து போனைப் பார்த்தால்
அதுதானோ என்று எட்டிப் பார்ப்பேன்.
பெரும்பாலும் பந்தாட்டம்.

பன்னிரண்டாம் நாள் அதே வரி திரும்பி வந்தது.
விட்டுப்போன எழுத்து
நீலப் பேனாவில், கையால், வட்டமிட்டு.
அன்று ஊ செயின் மோ போகவில்லை.
வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கி
என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.
கீழே ஜெனரேட்டர் இருமி எழுந்தது.

எழுத்து வந்திருந்தது.
இடம்தான் தப்பு:
ஒன்று தள்ளி விழுந்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன்.
சட்டைப்பையில் பேனா.
மூடியின் நுனியில் நீலம் கசிந்து
துணியில் ஒரு பொட்டு.

"இது சரிதானா ஸார்" என்று கேட்கலாம்.
கேட்டால்
அவர் பதில் சொல்ல வேண்டி வரும்.

தட்டினேன்,
உள்ளது உள்ளபடி.
அவர் ஜன்னலுக்குப் போய்
வெகு நேரம் துப்பிக்கொண்டிருந்தார்.